பெட்டி பெற்ற எச்சரிக்கை

மார்ச் 3

வாலு,

நாம் பேசிப் பதினேழு நாள் ஆகிறது. போனை வைத்தது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். “நீங்க எழுதறவங்க அண்ணி, எழுதறதோட நிறுத்திக்கங்க, பக்கம் எப்படி அமையுதுங்கறது உங்களுக்குப் புரியாது” என்று நீ சொன்ன பிறகு என் கை தானாக வைத்துவிட்டது. உன் அண்ணன்தான், “ரெண்டு பேரும் இனிமே போன்ல பேசாதீங்க. ஒருத்தி முடிக்கறதுக்குள்ள இன்னொருத்தி பதில் சொல்றா. காகிதத்துல எழுதுங்க, அது குறுக்க பேசாது” என்றார். ஊரையெல்லாம் வாயைத் திறக்கச் சொல்கிற பல் டாக்டர், வீட்டில் என்னை மூடச் சொல்கிறார்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய் நெட்டையைப் பார்த்தேன். வலது கையில் மூன்று விரலுக்குக் கட்டு. இருபத்திரண்டு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர் அவர். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கியிருக்கிறார். ஆனால் இந்தப் புது மாடலில் பேனலுக்குள் இரண்டாவது மின்வழி ஒன்று வருகிறது. அதையும் அணைக்க வேண்டும் என்று நம் கையேட்டில் நான் எழுதியிருக்கிறேன். மூடியைக் கழற்றச் சொல்லும் நான்காம் படிக்கு முன்னால் எழுதியிருக்கிறேன். அச்சில் அது நான்காம் படிக்குப் பின்னால், அடுத்த பக்கத்தின் தலையில் போய் உட்கார்ந்திருக்கிறது. அவர் 113ஆம் பக்கத்தைப் படித்தார், மூடியைக் கழற்றினார், கையை விட்டார். பக்கத்தைத் திருப்ப அவருக்குக் கை காலியாக இல்லை.

“நீங்கதானே எழுதினீங்க, ஏன் இடம் மாறிச்சு?” என்று கேட்டார். விளக்கினேன். நான் எழுதும்போது ‘இது தலைப்பு, இது படி, இது எச்சரிக்கை’ என்று குறி மட்டும்தான் போடுவேன். எது எந்த அளவில், எந்த இடத்தில் வரவேண்டும் என்பதையெல்லாம் ஸ்டைல் ஷீட் என்ற தனிக் கோப்பு முடிவு செய்யும். அதை என் நாத்தனார் எங்கள் ஆபீசில் இருந்தபோது எழுதினாள், அதில் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு விதி இருக்கிறது என்றேன். “ஆயிரத்து நானூறா? லிஃப்டுக்கே அவ்வளவு பாகம் கிடையாதேம்மா” என்றார்.

மூன்றாம் பதிப்பு ஏப்ரல் 22 அன்று அச்சுக்குப் போகிறது. அதே ஷீட்டில் அது போக நான் விடப்போவதில்லை. இத்துடன் ஒரே ஒரு தாள் வைத்திருக்கிறேன். நானே உட்கார்ந்து எழுதிய ஸ்டைல் ஷீட். பத்தொன்பது விதி. ஆனால் கையேடுகள் எப்படி இருக்க வேண்டும் என்று விதிக்கும் உங்கள் கமிட்டியின் தரநிலைப்படி இல்லாத கையேட்டைக் கட்டட உரிமையாளர்கள் வாங்க மாட்டார்கள் என்று மேலாளர் கையை விரிக்கிறார். ஏப்ரல் 16 அன்று உங்கள் கமிட்டி கூடுகிறது, நீதான் செயலாளர். இந்தச் சிறிய தாளும் போதும் என்று அங்கிருந்து ஒரு வரி வரவேண்டும். கெஞ்சவில்லை, கேட்கிறேன்.

அண்ணி


மார்ச் 11

அண்ணிக்கு,

நெட்டைக்கு அடிபட்டதில் எனக்கும் வருத்தம்தான். என்னைக் கல் என்று நினைக்க வேண்டாம். அவர்தான் எனக்கு முதன்முதலில் லிஃப்ட் குழிக்குள் இறங்கக் கற்றுக்கொடுத்தவர்.

ஆனால் விபத்து வேறு, தரநிலை வேறு. உங்கள் பத்தொன்பது விதியைப் படித்தேன். சிரிப்பு வந்தது, மன்னிக்கவும். வீட்டுச் சாமான் பட்டியல் இதைவிட நீளமாக இருக்கும். முதல் விதியே ‘ஒரு குறிக்கு ஒரே தோற்றம்’. இரண்டாவது, ‘எழுதிய வரிசையிலேயே அச்சில் வரும், எதுவும் எதையும் தாண்டாது’. பதினொன்றாவது, ‘இடம் போதவில்லையென்றால் பக்கத்தை அங்கேயே முடித்துவிடு’. இதற்கு ஸ்டைல் ஷீட் எதற்கு, தட்டச்சு இயந்திரம் போதுமே! உலகத்தில் உங்கள் கையேடு ஒன்றுதான் இருக்கிறதா? சட்டப் புத்தகம் இருக்கிறது, அகராதி இருக்கிறது, வலமிருந்து இடமாக எழுதும் மொழி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் நாங்கள் பதினொரு பேர் உட்கார்ந்து ஐந்து வருடமாக மூளையைக் கசக்கிக்கொண்டிருக்கிறோம்.

நடந்ததற்குக் காரணம் சின்னது. எச்சரிக்கை என்பது ஒரு வகைப் பெட்டி. பெட்டி என்பது ஒரு வகைப் படம். படம் இடம் போதாதபோது அடுத்த பக்கத்துக்குப் போகலாம் என்று விதி இருக்கிறது. அப்பாவின் குணம் பிள்ளைக்கு வருவதுபோல அந்தக் குணம் எச்சரிக்கைக்கும் வந்துவிட்டது. ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும். விதி 1413, ‘எச்சரிக்கை மட்டும் நகராது’. எழுதி அனுப்பியிருக்கிறேன், சேர்த்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்தது.

ஒரு வரியில் முடிகிற காரியத்துக்காகக் கமிட்டிக்கு முன்னால் போய் ‘எங்கள் அண்ணி ஒரு தாள் எழுதியிருக்கிறார்’ என்று என்னால் சொல்ல முடியாது. எங்கள் தரநிலையின் ஒன்பதாம் அத்தியாயம், அந்த வாரிசு முறை முழுவதும், நான் எழுதியது. உங்களுக்கு அது தெரியும்.

அண்ணன் ரத்தக்கொதிப்பு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறானா?

உங்கள் நாத்தனார்
(செயலாளர் என்ற முறையில் அல்ல)


மார்ச் 19

செயலாளர் அம்மாவுக்கு,

உன் ஒரு வரியைச் சேர்த்தேன். எச்சரிக்கை நகரவில்லை, சந்தோஷம். இணைத்திருக்கும் 113ஆம் பக்கத்தைப் பார். எச்சரிக்கைக்கு அடுத்து வரவேண்டிய நான்காம் படி இப்போது ‘படி 1’ என்று வந்திருக்கிறது. பெட்டி நடுவில் அசையாமல் நின்றதால் பட்டியல் அங்கே முடிந்துவிட்டது என்று உன் வேறு ஏதோ விதி நினைத்துக்கொண்டு எண்ணிக்கையைத் திரும்ப ஆரம்பிக்கிறது. ‘படி 6இல் கழற்றிய திருகை மாட்டவும்’ என்று நான் எழுதிய இடத்தில், அந்த அத்தியாயத்தில் படி 6 என்றே ஒன்று கிடையாது. இதற்கு விதி 1414 அனுப்புவாய். அதற்கு 1415. நெட்டைக்கு இன்னும் ஏழு விரல் மிச்சம் இருக்கிறது.

உன் ஒரு வரி சேராத பழைய ஷீட்டின்படி முழுக் கையேட்டையும் காகிதத்தில் எடுத்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பிப் பார்த்தேன். 318 பக்கம். 64 எச்சரிக்கை. அதில் ஐந்து, காரியம் நடந்த பிறகு வருகிறது. கணினித் திரையில் யாருக்கும் தெரிந்திருக்காது, ஏனென்றால் திரையில் பக்கத்தின் அடி என்று ஒன்று இல்லை. உன் அண்ணன் நின்றுகொண்டே சாப்பிட்டார்.

நீ சிரித்தாய். சிரி. ஆனால் உன் ஷீட்டுக்குள் இருக்கிற சொந்தபந்தம் நம் குடும்பத்தில்கூடக் கிடையாது, வாலு. குறிப்புக்கு அப்பா பத்தி, பத்திக்கு அப்பா பக்கம். குறிப்பு பட்டியலுக்குள் வந்தால் மாமா வீட்டுக் குணம், அட்டவணைக்குள் வந்தால் சித்தப்பா வீட்டுக் குணம். யார் பேச்சு எங்கே எடுபடும் என்று கண்டுபிடிக்க ஒரு கல்யாண வீட்டுப் பஞ்சாயத்தே வேண்டும். நீ இங்கிருந்து போய்விட்ட இந்த இரண்டு வருடத்தில் அந்தக் கோப்பைத் தொட இங்கே யாருக்கும் தைரியம் இல்லை. தொட்டால் எங்கோ ஏதோ அசைகிறது.

என் தாளில் யாரும் யாருக்கும் வாரிசில்லை. எச்சரிக்கை என்றால் எச்சரிக்கை, அவ்வளவுதான். அதற்கு அப்பன் ஆத்தா இல்லை. நெட்டையே அதைப் படித்து, எந்த விதி என்ன செய்கிறது என்று சொல்லிவிடுவார். எனக்கு அது போதும். சட்டப் புத்தகம் போடுகிறவர்கள் உன் ஆயிரத்து நானூறை வைத்துக்கொள்ளட்டும், நான் வேண்டாம் என்றா சொன்னேன்? எனக்கு இது போதும் என்று சொல்லக் கூடாதா?

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. படம் ஏன் நகர வேண்டும்? யார் கேட்டார்கள் அதை?

மாத்திரை சாப்பிடுகிறார்.

அண்ணி


மார்ச் 28

அண்ணி,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது நான்காவது.

யார் கேட்டார்கள் என்று கேட்டீர்கள். பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன் என்று எழுதத்தான் ஆரம்பித்தேன், அது பொய். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அன்றைக்குப் போனில் நீங்கள் ‘அடுத்த பக்கத்தின் தலையில்’ என்றதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் கத்தினேன். விதி 212. அதன் பக்கத்தில் நான் எழுதிய குறிப்பை அப்படியே தருகிறேன்: ‘அடியில் இடம் போதாத படம் அடுத்த பக்கத்துக்குப் போகட்டும், பின்னால் வரும் எழுத்து மேலே ஏறி நிரப்பட்டும். அண்ணி ஆசைப்பட்டதற்காக.’

முதல் பதிப்பின் மாதிரி வந்த அன்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? பக்கத்தின் அடியில் வெள்ளையாக இடம் விட்டிருந்தது உங்களுக்குப் பிடிக்கவில்லை. “என்ன வாலு, பக்கத்துக்குப் பக்கம் பல்லு விழுந்திருக்கு? உங்க அண்ணன் பாத்தா கட்டிவிட வந்துடுவாரு” என்றீர்கள். ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. உங்களைச் சந்தோஷப்படுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அந்த விதியை எழுதினேன். படத்துக்குத்தான் எழுதினேன். படத்துக்குக் கீழே யார் யார் பிள்ளைகளாக இருக்கிறார்கள் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

பழியை உங்கள் தலையில் கட்ட இதைச் சொல்லவில்லை. நீங்கள் கேட்டது வெள்ளை வேண்டாம் என்பதை மட்டும்தான். அதைச் செய்வதற்கு எழுத்து எழுத்தைத் தாண்டி ஓடலாம் என்று முடிவு செய்தது நான்.

போன சனிக்கிழமை உங்கள் தாளை வைத்து முழுக் கையேட்டையும் கணினியில் ஓட்டி அச்செடுத்தேன். ஒட்டுமொத்தமாக உடைக்க வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் ஓட்டினேன், மறைக்கவில்லை. என் அறைத் தரை முழுக்கக் காகிதம், கட்டில் மேல் ஏறித்தான் கதவுக்குப் போக வேண்டியிருந்தது. 64 எச்சரிக்கையும் முன்னால் இருக்கிறது. ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தேன். ஓர் இடத்தில் மட்டும் உடைந்தது. ஒயர் நிறங்களின் அட்டவணை, அறுபது வரிசை, இரண்டு பக்கத்துக்கு ஓடுகிறது. இரண்டாவது பக்கத்தில் தலைப்பு வரிசை இல்லை. எந்த நெடுவரிசை வருகிற ஒயர், எந்த நெடுவரிசை போகிற ஒயர் என்று தெரியவில்லை. இதுவும் ஒரு விரலை வாங்கும். அப்புறம், படிக்குள் படி, அதற்குள் இன்னொரு படி என்று போகும் மூன்று அடுக்குப் பட்டியல் உங்கள் தாளில் வரவே வராது. இவற்றுக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?

இதைச் சரிசெய்தால் நான் கமிட்டியில் பேசுகிறேன். எப்படிப் பேசுவேன் என்று தெரியவில்லை. ஆனால் பேசுகிறேன்.

வாலு


ஏப்ரல் 3

வாலு,

உன் கடிதத்தை ஆபீஸ் மாடிப்படியில் நின்று படித்தேன். அந்தப் பல்லு வசனத்தை நான் சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது. எத்தனை பேரிடம் அதைப் பெருமையாகத் திரும்பச் சொல்லியிருப்பேன்! நான் கேட்டேன், நீ செய்தாய். இதில் பாதி என்னுடையது. மறுக்காதே, எனக்குக் கோபம் வரும்.

அன்றைக்கே நெட்டை வீட்டுக்குப் போனேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பார்த்தார். “அப்ப, பக்கம் அழகா இருக்கணும்னுதான் இது ஆச்சா?” என்றார். ஆமாம் என்றேன். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. ஆள்காட்டி விரல் நுனியில் உணர்ச்சி திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கிளம்பும்போது கூப்பிட்டார். “அடியில வெள்ளை விடுங்கம்மா. எங்களுக்குக் குறிச்சுக்க இடம் வேணும். இடம் இல்லாமத்தான் நாங்க சுவத்துல எழுதறோம்” என்றார். பதினெட்டு வருடமாகக் கையேடு எழுதுகிறேன், அதைப் பயன்படுத்துகிறவரிடம் இதை ஒரு தடவையும் கேட்டதில்லை.

உன் கேள்விகளுக்கு வருகிறேன். அட்டவணை விஷயத்தில் நீ சொன்னது சரி, நான் கவனிக்கவில்லை. இருபதாவது விதி சேர்த்தாகிவிட்டது: ‘அட்டவணை அடுத்த பக்கத்துக்குப் போனால் தலைப்பு வரிசையும் கூடவே போகும்’. ஓட்டிப் பார்த்தேன், வருகிறது. மூன்று அடுக்குப் பட்டியலுக்கு விதி எழுத மாட்டேன். நாற்பத்தோரு இடத்தில் அப்படி எழுதியிருந்தேன். ஏணியில் நின்று ஒரு கையில் டார்ச் பிடித்துக்கொண்டு மூன்று அடுக்கை யார் படிப்பார்கள்? எல்லாவற்றையும் இரண்டு அடுக்காகத் திருத்தி எழுதுகிறேன். இதுவரை இருபத்தெட்டு முடிந்தது. என் எழுத்தில் இருந்த சிக்கலைத்தான் இத்தனை நாளும் உன் ஷீட் சுமந்திருக்கிறது போல.

மேலாளர் நேற்று வந்து, “கமிட்டி ஒத்துக்கலைன்னா பழைய ஷீட்லதான் போகணும், சொல்லிட்டேன்” என்றார். “அப்ப அட்டையில என் பேர எடுத்துடுங்க, நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்றேன். முறைத்துவிட்டுப் போனார். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன்.

போ. பேசு. பயந்தால் பயந்துகொண்டே பேசு.

அண்ணி


ஏப்ரல் 17

அண்ணி,

நேற்று கூட்டம் முடிந்தது. முடிவைக் கடைசியில் சொல்கிறேன், கீழே தாவிப் படிக்காதீர்கள். (தாவியிருப்பீர்கள்.)

மற்ற பத்துப் பேருக்கு முன்னாலும் பழைய கையேட்டின் 113, 114ஆம் பக்கங்களை ஒரே தாளின் முன்னும் பின்னுமாக வைத்தேன். “ஒண்ணாம் படியிலேர்ந்து நாலாம் படி வரைக்கும் சத்தமா படிங்க, அங்கேயே நிறுத்திடுங்க” என்று தலைவரிடம் சொன்னேன். படித்தார். “இப்ப உங்க கை பேனலுக்குள்ள இருக்கு. பக்கத்தைத் திருப்புங்க” என்றேன். திருப்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வழக்கமாக எல்லாவற்றுக்கும் மறுப்புச் சொல்கிறவர் ஒருவர் உண்டு, நாங்கள் அவரை ‘ஆனாலும்’ என்போம். அவர், “ஆனாலும் இதை ஒரே ஒரு விதியில சரி பண்ணலாமே?” என்றார். “நானும் மார்ச் பதினொண்ணாம் தேதி அதையேதான் எழுதினேன், அனுப்பினேன், படி எண்ணெல்லாம் மாறிப்போச்சு” என்று நீங்கள் அனுப்பிய பக்கத்தைக் காட்டினேன். “இந்த வாரிசு முறையை எழுதினது யார்?” என்று புதிதாக வந்த ஒருவர் கேட்டார். நான்தான் என்றேன். அதைச் சொல்லும்போது உங்கள் கடிதம் என் கைப்பையில் இருந்தது. அப்புறம் உங்கள் இருபது விதியை வாசித்தேன். வாசிக்க மூன்று நிமிடம் ஆனது. எங்கள் தரநிலையின் உள்ளடக்கப் பக்கத்தைப் படிக்கவே அதைவிட அதிக நேரம் ஆகும் என்று யாரோ சொன்னார்கள், கொஞ்சம் சிரிப்பு எழுந்தது.

ஆறுக்கு ஐந்து. சிறிய தாளும் தரநிலைப்படி செல்லும். பாதுகாப்பு சம்பந்தப்பட்ட கையேடுகளுக்கு மட்டும். ‘ஆனாலும்’ நமக்குத்தான் கை தூக்கினார், நம்புவீர்களா? அதிகாரபூர்வக் கடிதம் இத்துடன் இருக்கிறது. மேலாளரின் மேசையில் நீங்களே கொண்டுபோய் வையுங்கள்.

ஒன்பதாம் அத்தியாயத்தை என்னிடமிருந்து எடுத்து வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். சரியான முடிவுதான் என்று என் புத்தி சொல்கிறது. கழிவறைக்குப் போய் நன்றாக அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, கூட்டக் குறிப்பில் அதையும் நானே எழுதினேன். அண்ணி, ஐந்து வருடம். வலிக்கிறது.

ஆனால் ‘மட்டும்’ என்று ஒரு சொல்லைப் போட்டிருக்கிறார்கள் பாருங்கள், அதை அடுத்த கூட்டத்தில் எடுக்க வைக்கப் போகிறேன். எளிய ஆவணம் எதுவாக இருந்தாலும் எளிய தாள் போதும் என்று எழுதத் தொடங்கிவிட்டேன். தலைவர் விட்டாலும் சரி, விடாவிட்டாலும் சரி. உங்கள் நாற்பத்தோரு இடத்தின் பழைய வடிவமும் புதிய வடிவமும் எனக்கு வேண்டும், அனுப்புங்கள்.

வாலு


மே 12

வாலுக் கண்ணு,

கையேடு வந்துவிட்டது. 347 பக்கம், பழையதைவிட இருபத்தொன்பது கூடுதல். மேலாளர் புரட்டிப் பார்த்துவிட்டு, “என்ன இது, பாதிப் பக்கம் காலியா கிடக்கு?” என்றார். “கிடக்கட்டும் சார்” என்றேன். உனக்கு இரண்டு பிரதி, நாற்பத்தோரு இடத்தின் கட்டு, எல்லாம் பார்சலில் வருகிறது. நெட்டை அடுத்த மாதம் வேலைக்குத் திரும்புகிறார். ஏற வேண்டாம், கிடங்கில் இருங்கள் என்றார்களாம். ஏறித்தான் தீருவேன் என்று நிற்கிறார். அவர் பிரதியை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இடது கையால் புரட்டி, ஒவ்வோர் எச்சரிக்கையாக நின்று பார்த்துவிட்டுத்தான் மூடினார்.

இன்று நடந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். இரவு ஏழு மணிக்கு இரண்டு பை காய்கறியோடு வீடு வந்தால், கீழே லிஃப்ட் ஓடவில்லை. உனக்குத் தெரியுமோ, எங்கள் கட்டடத்துக்கும் போன மாதம் அதே மாடல்தான் போட்டார்கள். முன்பின் பார்த்திராத மெக்கானிக் ஒருவர் பேனலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் டார்ச், மடியில் நம் கையேடு. நான்காம் மாடி அம்மா அவரைப் பிடிபிடி என்று பிடித்துக்கொண்டிருந்தார்.

“போன தடவை வந்தவர் லிஃப்ட்ட மட்டும்தான் நிறுத்தினாரு. நீங்க என்ன, மாடிப்படி லைட்டையும் சேத்து அணைச்சு வச்சிருக்கீங்க?”

“உள்ள வர்ற ரெண்டாவது லைன் மாடிப்படி லைட்டோட ஒண்ணாதாம்மா வருது. ரெண்டையும் அணைச்சுப் பூட்டிட்டுத்தான் மூடியத் தொடணும்னு முதல்லயே போட்டிருக்கு. இருபது நிமிஷம் பொறுத்துக்குங்க.”

அவர் விரல் அந்தப் பெட்டியின் மேல் இருந்தது. சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார். பிறகுதான் திருப்புளியை எடுத்தார். நான் பைகளைக் கீழே வைத்துவிட்டு, அவர் மூடியைக் கழற்றிக் கையை உள்ளே விடும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் ஆகவில்லை, வாலு. ஒன்றுமே ஆகவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, நல்லவேளை நான் நின்ற இடத்தில் வெளிச்சம் இல்லை.

நானும் நான்காம் மாடி அம்மாவும் சுவரைத் தடவிக்கொண்டு படியேறினோம். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவர் மூச்சு வாங்க நின்றார்.

“இருட்டுல மனுஷங்கள ஏற விடறாங்களே, எவ உக்காந்து இதையெல்லாம் இவங்களுக்கு எழுதிக் குடுக்கறாளோ!”

“நானும் என் நாத்தனாரும்தாங்க” என்றேன்.

அண்ணி